துலைக்கோ போறியள்?

அத்தியாயம் 17

போன அத்தியாயத்தில் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு ஆழ்வாப்பிள்ளை எழும்பிப் போன இடத்தில் அந்த வீட்டை விட்டு வந்தோம். ஒரு இரவு படுத்தெழும்பினால் மனுசனின் கோபம் ஆறிவிடும் என்று நினைத்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு அவரைத் தெரியாது. அவருடைய கோபம் ஆறாது. அது படுத்துக் கிடந்து யோசிக்கும்.

நாளைக்குக் காலையில் சென்னையில் மகன் லோஜனுக்குக் கல்யாணம். பாரிசில் பதின்மூன்று வருடம் இருந்துவிட்ட லோஜனிடம் உள்ளது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் பத்திரம். அதை வைத்துக்கொண்டு ஊருலகமெல்லாம் சுற்றலாம், பிறந்த நாட்டுக்கு மட்டும் வரமுடியாது. அதனால்தான் மயிலிட்டி மாப்பிள்ளைக்கும் நல்லூர்ப் பெண் மதுராவுக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபம் பிடிக்க வேண்டி வந்தது.

பெண் வீட்டார் போன கிழமையே போய் இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் பத்மாசினி, தகப்பன் ஆழ்வாப்பிள்ளை, தங்கச்சி தக்சாயினி மூவரும் இன்றைய பிளேனில் பலாலியிலிருந்து போகவேண்டும். இதை விட்டால் அடுத்த பிளேன் நாளைக்குத்தான். அது போய் இறங்கும்போது முகூர்த்தம் முடிந்து பந்தியும் முடிந்திருக்கும்.

தாலிக்கொடி இவர்கள் கையில் இருந்தது. மாப்பிள்ளை இல்லாமலே பொன்னுருக்குச் சடங்கு நடத்திச் செய்வித்த கொடி அது. நிறைகுடத்தில் தொலைபேசியைச் சாய்த்து வைக்க, பத்தர் பொன்னை உருக்குவதை லோஜன் பாரிசிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கொடியை வைத்துத்தான் நேற்றுச் சண்டை.

"ஒண்டேகால் மணித்தியாலம்தான் அப்பா" என்று தக்சாயினி சொன்னாள். "பெல்ற்றைப் போட்டுக் கழட்டுறதுக்கிடையிலை சென்னை வந்திடும். கொடி அம்மாவின்ரை கைப்பையிலை இருக்கட்டும்."

"கைப்பையைக் கிண்டமாட்டாங்களோ? மருதனார்மடம் சந்தையிலை கதைக்கினம். ஆரோ ஒரு பொம்பிளையின்ரை கொடியை எயார்போட்டிலை பறிச்சு வைச்சிட்டாங்களாம்."

"எந்த எயார்போட்டிலை?"

"அது எனக்குத் தெரியாது. பறிச்சு வைச்சிட்டாங்கள்."

ஊரும் பேரும் இல்லாத அந்தக் கதை ஆழ்வாப்பிள்ளைக்குப் போதுமாக இருந்தது. அதோடு விட்டாரா? பிளேன் சுற்றிக்கொண்டு போகிறதாம். நேரே முன்னுக்கு இந்தியாவின் கோடியக்கரை கிடக்கிறதாம். வள்ளத்தில் மூன்று மணித்தியாலமாம், அங்கேயிருந்து சென்னைக்கு பஸ் இருக்கிறதாம். அவருடைய அப்பு பின்னேரம் வெளிக்கிட்டு அங்கே போய்ப் படம் பார்த்துவிட்டு விடியத் திரும்பி வந்தவராம்.

"அது அந்தக் காலம் அப்பா. இப்ப நடுக்கடலிலை ரெண்டு பக்கமும் ரோந்து நிக்குது. பிடிச்சால் மறியலிலை போட்டிடுவாங்கள்."

"கிட்டம் தூரம் எண்டு நீ எனக்குப் படிப்பிக்க வராதை. புத்தூரிலை இருந்து மயிலிட்டிக்கு எவ்வளவு தூரம்? சைக்கிளிலை ஒரு மணித்தியாலம். நாங்கள் வந்து சேர எத்தினை வருசம் எடுத்தது, சொல்லு பாப்பம்?"

மயிலிட்டியை இராணுவம் பிடித்து வைத்திருந்ததால் இடம்பெயர்ந்து புத்தூரில் இருபத்தேழு வருடம் இருந்த குடும்பம் அது. பிள்ளைகள் இரண்டும் அங்கேதான் பிறந்தார்கள். தரையிலே ஒரு மணித்தியாலப் பாதை அந்த மனுசனை இருபத்தேழு வருடம் ஏமாற்றியது. கடல் மட்டும் தன்னை ஏமாற்றாது என்று அவர் நம்பினார். அவரிலும் பிழை சொல்ல முடியாது. ஆனால் பிழை பிழைதான்.

கோப்பையைத் தள்ளியது அதற்குப் பிறகு.

*

காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு ஆழ்வாப்பிள்ளை வள்ளத்து எண்ணெய்க் கானைத் தோளில் வைத்துக்கொண்டு படலைக்குப் போனார். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பத்மாசினி நிமிர்ந்து பார்த்தாள். பிளேன் ஏறப் போகிற மனுசனுக்கு எண்ணெய்க் கான் எதற்கு?

எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். யாழ்ப்பாணத்தில் படி இறங்கிற ஆளை அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் கெடும். அப்படிக் கேட்கப்பட்டவர் திரும்பி வந்து, இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிடலாம். அதனால்தான் நம்மவர்கள் "துலைக்கோ?" என்று கேட்பார்கள். தூரத்துக்கோ, கிட்டவோ என்று அர்த்தம். சொல்ல விருப்பமுள்ளவர் இடத்தைச் சொல்வார். விருப்பமில்லாதவர் தூரத்தோடு நிறுத்திக்கொள்வார்.

கடற்கரை வீடுகளில் இந்த வழக்கம் இன்னும் இறுக்கம். பத்மாசினியின் அக்கா பூரணம் ஒரு நாள் தொழிலுக்கு இறங்கிய புருசனை வாய் தவறி "எங்கை போறியள்?" என்று கேட்டுவிட்டாள். அத்தான் சிரித்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. கடல் கொந்தளித்த நாள் அது, இன்னும் பலரும் திரும்பவில்லை. ஆனால் ஊர் பூரணத்தைத்தான் சொன்னது. சாகும்வரைக்கும் அவள் அதற்குப் பிறகு ஒருவரையும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் பத்மாசினியும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. இன்றும் கேட்கவில்லை.

"துலைக்கோ?" என்றாள்.

"துலை இல்லையப்பா. கிட்டத்தான்."

வள்ளத்தைச் சினேகிதன் சீவரத்தினத்திடம் ஒப்படைக்கப் போகிறார் என்று நினைத்தாள். நாலு நாள் ஊரில் இல்லாவிட்டால் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தானே போகவேண்டும். அவள் மறுபடி முற்றத்தைக் கூட்டத் தொடங்கினாள்.

*

பெட்டி கட்டி முடிகிற நேரம் லோஜன் சென்னையிலிருந்து கோல் எடுத்தான்.

"அம்மா, வந்து இறங்கிட்டன். பாரிசிலை இருந்து பத்து மணித்தியாலம் இருந்து வந்தன், கால் வீங்கிப் போச்சு. இப்ப பாருங்கோ, உங்களுக்கும் எனக்கும் இடையிலை ஒண்டேகால் மணித்தியாலம்தான்."

பத்மாசினிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பதின்மூன்று வருடமாகத் தொலைபேசியின் சின்னக் கண்ணாடியில் பார்த்த முகத்தை இன்று பின்னேரம் கையால் தடவலாம்.

"அப்பாட்டைக் குடுங்கோ அம்மா."

"அவர் உங்கை துறைமுகத்தடிக்குப் போயிட்டார் தம்பி. இப்ப வந்திடுவார்."

தொலைபேசியை வைத்துவிட்டுச் சாமியறைக்குப் போனாள். கொடியை எடுத்துக் கைப்பைக்குள் வைக்க வேண்டும். சிவப்புப் பெட்டி முருகன் படத்துக்கு முன்னால் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. திறந்தாள். உள்ளே பஞ்சு மட்டும் இருந்தது.

"தக்சா! கொடியை எடுத்தனியோ?"

"இல்லை அம்மா. ஏன்?"

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவருடைய பெட்டிக்குள் வைத்த புது வேட்டியும் இல்லை. சால்வையும் இல்லை. கிட்டத்தான் என்று காலையில் சொன்ன சொல் பத்மாசினிக்கு இப்போதுதான் விளங்கியது. அந்த மனுசனுக்குக் கோடியக்கரை கிட்ட.

ஸ்கூட்டியை எடு என்று மகளிடம் சொல்லிக்கொண்டே படலைக்கு ஓடினாள்.

*

தக்சாயினி ஸ்கூட்டியை ஓட்டிய வேகத்தில் வீதியில் நின்ற ஆடுகள் சிதறின. துறைமுகத்தில் ஆழ்வாப்பிள்ளையின் நீல வள்ளம் கட்டுகிற இடம் வெறுமையாகக் கிடந்தது. சீவரத்தினம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இவர் போய் எவ்வளவு நேரம்?" என்றாள் பின்னாலிருந்து இறங்கிய பத்மாசினி.

"ஒரு மணித்தியாலத்துக்கு மேலை இருக்கும் தங்கச்சி. வலை ஏத்தேல்லை. பொலித்தீன் பையிலை என்னவோ சுத்தி இடுப்பிலை கட்டியிருந்தவர். நான் 'துலைக்கோ?' எண்டு கேட்டன். கிட்டத்தான் எண்டார்."

"ஐயோ அண்ணை! உவர் கொடியையும் கொண்டு அக்கரைக்குப் போறார்!"

வலை ஊசி சீவரத்தினத்தின் கையிலிருந்து விழுந்தது. அவருக்கு அதற்கு மேல் எதுவும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவருடைய காலத்திலும் கடலில் எல்லைக் கோடு இருந்தது, ஆனால் யாரும் அதைப் பார்த்ததில்லை. இப்போது அதைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அகப்பட்டால் மனுசனுக்கு மறியல், வள்ளம் போய்விடும், கொடி ஏதோ ஒரு நாட்டின் வழக்குப் பொருளாகிவிடும். கொடியைக் காப்பாற்றப் போன மனுசன் அதைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்.

"பின்னாலை போகலாமோ மாமா?" என்று தக்சாயினி கேட்டாள்.

"பிடிக்கேலாது பிள்ளை. கோட்டுக்குக் கிட்டப் போயிருப்பான்."

"அப்ப ரோந்துக்காரருக்குச் சொல்லுவம்."

"சொன்னால் இந்தப் பக்கத்திலை பிடிப்பாங்கள், அவ்வளவுதான்" என்றாள் பத்மாசினி. "அண்ணை, உங்கடை வயர்லெஸ் செற் வேலை செய்யுதோ?"

மீனவர் சங்கக் கட்டடத்துக்குள் மேசையில் அந்தச் செற் இருந்தது. கடலில் நிற்கிற வள்ளங்களோடு கதைப்பதற்கு. ஒருவர் கதைத்தால் எல்லா வள்ளத்துக்கும் கேட்கும். பகல் தொழிலுக்குப் போனவர்கள் மீன் விலையும் காற்றும் அதில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். சீவரத்தினம் அவர்களை அடக்கிவிட்டுக் கூப்பிட்டார்.

"ஆழ்வார்! ஆழ்வார்! கரையிலை இருந்து சீவரத்தினம். கேக்குதோ?"

இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறை இஞ்சின் சத்தத்துக்கு நடுவில் குரல் வந்தது.

"கேக்குது. சொல்லு."

"மடைத்தனம் செய்யாதை. திரும்பு."

"நீ உன்ரை வலையைப் பொத்து. அவையைப் பிளேனிலை வரச் சொல்லு. அவைக்கு முந்தி நான் அங்கை நிப்பன்."

தக்சாயினி கருவியை வாங்கினாள். அழுதாள், கெஞ்சினாள், சட்டம் சொன்னாள். அதுவும் பலிக்கவில்லை. அவள் உடனே லோஜனுக்குக் கோல் எடுத்து நடந்ததை இரண்டு வரியில் சொல்லிவிட்டுத் தொலைபேசியைச் செற்றோடு சேர்த்துப் பிடித்தாள்.

"அப்பா!" சென்னையிலிருந்து வந்த குரல் நடுக்கடலுக்குப் போனது. "அப்பா, நான் லோஜன். கொடி இல்லாட்டி மஞ்சள் கயித்திலை கட்டுறன். நீங்கள் இல்லாட்டி நான் கட்டமாட்டன். திரும்பிப் போய்ப் பிளேனிலை வாங்கோ அப்பா."

மற்ற வள்ளங்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன.

"தம்பி" என்றார் ஆழ்வாப்பிள்ளை. அந்தக் குரல் குழைந்திருந்தது. "பதறாதை ராசா. உனக்கு உருக்கின பொன்னை உன்ரை கையிலை தருவன். இண்டைக்கே உன்ரை முகத்தைப் பாப்பன்."

இஞ்சின் சத்தம் குறையவில்லை. இன்னும் கூடியதுபோல் இருந்தது. மகனின் குரலைக் கேட்டது அந்த மனுசனை நிறுத்தவில்லை, விரட்டிவிட்டது. பதின்மூன்று வருடம் பார்க்காத பிள்ளை அக்கரையில் நின்று கூப்பிடுகிறான். எந்தத் தகப்பன் வள்ளத்தைத் திருப்புவான்?

பத்மாசினிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. சட்டத்தை அவர் நம்பவில்லை. மகளின் அழுகைக்கும் மகனின் கெஞ்சலுக்கும் அவர் அசையப் போவதில்லை. அவர் நம்புகிற ஒன்றால்தான் அவரைத் திருப்ப முடியும். அது என்னவென்று நினைத்தவுடனே பூரணத்தின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கடலில் நிற்கிற புருசனைக் கேட்பதா? அதுவும் இத்தனை வள்ளமும் கேட்டுக்கொண்டிருக்க?

கேட்காமல் விட்டால் அவர் பிடிபடாமலே போய்ச் சேர்ந்துவிடுவாரோ? தான் கேட்டதால் திரும்பி வருகிற வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? ஊர் யாரைச் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். தான் தன்னையே என்ன சொல்வாள் என்றும் தெரியும்.

கருவியைக் கையில் எடுத்தாள்.

சீவரத்தினத்துக்கு அவள் முகத்தைப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. "தங்கச்சி, வேண்டாம்! கடலிலை நிக்கிற எல்லாருக்கும் கேக்கும்! வேண்டாம் சொல்லுறன்!"

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"இஞ்சேருங்கோ" என்றாள். "எங்கை போறியள்?"

ஒரு வள்ளத்திலிருந்து யாரோ, "ஆரடா அது பொம்பிளை?" என்றான். இன்னொருவன், "இண்டையத் தொழில் நாசமாப் போச்சு!" என்று கத்தினான். மூன்றாவதாக ஒரு வயதுபோன குரல், "முருகா, முருகா" என்றது.

பத்மாசினி பொத்தானை மறுபடி அழுத்தினாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களைத்தான் கேக்கிறன். எங்கை போறியள்?"

ஆழ்வாப்பிள்ளையின் குரல் வந்தது.

"பத்மா." பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. "நீயோ கேட்டனி?"

"ஓம். நான்தான் கேட்டனான்."

"பூரணத்தின்ரை தங்கச்சி நீ. நீயோ என்னைக் கேட்டனி?"

"ஓம். வீட்டை வந்து என்னை அடியுங்கோ. இருந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் பிறகு எங்கையெண்டாலும் போங்கோ."

செற்றில் இஞ்சின் சத்தம் தணிந்தது. தணிந்து, மெல்ல முணுமுணுத்து, பிறகு வேறு சுருதியில் ஏறியது. கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். வள்ளம் திரும்புகிற சத்தம்.

"தண்ணி எடுத்து வை" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

*

சீவரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். தக்சாயினி தாயைக் கட்டிக்கொண்டாள். சிரிக்கவும் முடியவில்லை, அழுகையும் நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து மேலே இரைச்சல் கேட்டது. சென்னையிலிருந்து வந்த பிளேன் துறைமுகத்துக்கு மேலால் தாழ்ந்து பலாலிப் பக்கம் இறங்கியது.

"அம்மா, இதுதான் எங்கடை பிளேன். ஒரு மணித்தியாலம் நிண்டிட்டுத் திரும்பிப் போயிடும்."

அவர் போனது ஒன்றரை மணித்தியாலத்துக்கு முன்னால். திரும்பி வரவும் அவ்வளவு நேரம் வேண்டும்.

"நீ பெட்டியளைக் கொண்டு எயார்போட்டுக்குப் போ" என்றாள் பத்மாசினி. "நீயாவது அண்ணாவுக்குப் பக்கத்திலை நிக்க வேணும்."

"கொடி இல்லாமலோ? அப்பா இல்லாமல் கட்டமாட்டன் எண்டு அவன் சொன்னது கேக்கேல்லையோ?"

"கேட்டது. நீ போ. வழிமறிச்சு நிண்டெண்டாலும் அவையளைக் கொஞ்சம் சுணக்கு. நான் அப்பாவோடை வாறன்."

பிளேனை வழிமறிக்கச் சொல்கிற தாயைப் பார்த்து வேறொரு நாளென்றால் தக்சாயினி சிரித்திருப்பாள். இன்றைக்கு ஸ்கூட்டியை எடுத்தாள்.

பத்மாசினி சங்கக் கட்டடத்துக் குழாயில் ஒரு செம்பு தண்ணீர் பிடித்துக்கொண்டு இறங்குதுறை நுனியில் போய் நின்றாள்.

வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் கேட்டது ஆழ்வாப்பிள்ளையை என்றாலும் அந்தக் கேள்வி எல்லோருக்கும் கேட்டுவிட்டதே. வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர்கள் கட்டையில் கயிற்றைக் கட்டும்போது அவளைப் பார்க்கவில்லை. ஒருவன் காறித் துப்பினான். அவள் எதையும் கவனிக்கவில்லை. வருகிற ஒவ்வொரு வள்ளத்தின் நிறத்தையும் பார்த்தாள். வெள்ளை. பச்சை. மறுபடி வெள்ளை.

சீவரத்தினம் செற்றில் கூப்பிடுகிற சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டேயிருந்தது. "ஆழ்வார்! ஆழ்வார்! கேக்குதோ?" பதில் வருகிற சத்தம் கேட்கவில்லை.

கடைசியாக வந்தது யதுசனின் வள்ளம். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பொறுப்பானவன். மற்றவர்களைப்போல் முகத்தைத் திருப்பாமல் நேரே அவளிடம் வந்தான். அவன் வந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"மாமி, மாமா திரும்பினதை என்ரை கண்ணாலை கண்டனான். எனக்குப் பின்னாலைதான் வந்துகொண்டிருந்தவர்."

"பிறகு?"

"பிறகு சாம்பல் நிறத்திலை ஒரு ரோந்து போட் அவருக்குக் குறுக்காலை போச்சுது. எந்தக் கரையின்ரை போட் எண்டு மட்டுப்பிடிக்க முடியேல்லை. மாமாவின்ரை இஞ்சின் நிண்டிட்டுது."

செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எங்கே என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இன்றைக்கு அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"துலையிலையோ?" என்று கேட்டாள்.

யதுசன் கடலைத் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு ஆறுதல் சொல்லத்தான் நினைத்தான், பாவம்.

"துலை இல்லை மாமி. கிட்டத்தான்."